ஏலமா, அட்டை விலையா: பிசினஸ் விளையாட்டின் பழைய சண்டை

சங்கரன்கோவிலில் இருந்து இன்னொரு எபிசோட். இந்த வாரக் கேள்வி பார்க்கச் சின்னதா இருக்கும். பிசினஸ் விளையாட்டில் ஒரு ஊர் அட்டையை யார், எப்படி வாங்கணும்?

சில வீடுகளில் இதுக்கு 'டிரேட்'னு பேர். எந்தப் பேரா இருந்தாலும் சண்டை ஒண்ணுதான். "முதல் சுற்று முடியுற வரைக்கும் யாரும் வாங்கக் கூடாது"ன்னு ஒருத்தர் சொல்வார். "காய் நின்ன ஆள் வாங்கலைன்னா அப்படியே விட்டுட்டு அடுத்த ஆள் உருட்டணும்"னு இன்னொருத்தர். "இல்ல, ஏலம் விடணும்"னு மூணாவது ஆள். இந்தச் சண்டைக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசாகுது. ஆரம்பத்திலிருந்தே இது நிலம் யாருக்குங்கிற சண்டைதான்.

அமெரிக்காவில் லிஸ்ஸி மேகி என்ற பெண் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி, 1904-ல் காப்புரிமை வாங்கினார். பேர் 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்'. அவர் ஹென்றி ஜார்ஜின் சிந்தனையில் ஊறியவர். 1879-ல் வந்த ஜார்ஜின் புத்தகம் சொன்னது இதுதான்: நிலத்தின் மதிப்பு ஏறுவது ஊர் வளர்வதால், நிலக்காரரின் உழைப்பால் இல்லை, அதனால் அந்த மதிப்புக்கு வரி போட்டுப் பொதுப்பணம் ஆக்கணும்.

மேகி இதை விளையாட்டாவே காட்ட நினைச்சார். பிற்பாடு அவர் வெளியிட்ட விதிகளில், ஒரே பலகையை ரெண்டு விதமா ஆடலாம். ஒன்றில் வாடகை உரிமையாளருக்குப் போகும், கடைசியில் ஒருத்தர் எல்லாரையும் காலி பண்ணுவார். இன்னொன்றில் நில வாடகை பொதுக் கஜானாவுக்குப் போகும். பலகை அதே, பகடை அதே. விதியை மட்டும் மாத்தினா முடிவு தலைகீழ். சாஃப்ட்வேர் மொழியில் சொன்னா, ஹார்ட்வேரைத் தொடாம கோடை மட்டும் மாத்தின மாதிரி.

விளையாட்டு கைமாறிக் கைமாறிப் பரவிச்சு. ஒவ்வொரு ஊரும் தன் விதியைச் சேர்த்துச்சு. 1930 வாக்கில் அட்லாண்டிக் சிட்டியில் குவேக்கர் குடும்பங்கள் இதை விளையாடினாங்க. மௌனமா உட்கார்ந்து வழிபடுற மரபு அவங்களுடையது. ஏலத்தின் கூச்சல் ஒத்துவரலை. அதனால ஏலத்தை எடுத்துட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் நிலையான விலையைப் பலகையிலேயே எழுதிட்டாங்க. இன்னைக்கு நம்ம அட்டைகளில் விலை அச்சாகி இருக்கே, அதன் வேர் அங்கே இருக்கு.

1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சார்லஸ் டாரோ என்பவரிடமிருந்து இதை வாங்கி 'மோனோபோலி'ன்னு விற்றது. மேகியின் காப்புரிமைக்குக் கொடுத்தது 500 டாலர், ராயல்டி கிடையாது. பல பத்தாண்டுகள் டாரோதான் கண்டுபிடிப்பாளர்னு உலகம் நம்பிச்சு. 1970-களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 'ஆன்டி-மோனோபோலி' விளையாட்டுக்காக நடத்திய வழக்கில்தான் மேகியின் கதை தோண்டி எடுக்கப்பட்டது. 1983-ல் அவர் பக்கத் தீர்ப்பு நிலைச்சது.

மோனோபோலியின் அச்சிட்ட விதியில் நிலையான விலையும் உண்டு, ஏலமும் உண்டு. நின்ன ஆள் வாங்கலைன்னா பாங்கு உடனே ஏலம் விடணும். வேண்டாம்னு சொன்னவரும் அதில் கேட்கலாம். ஆனா பல வீடுகளில் இந்த ஏலத்தை யாருமே விளையாடுறதில்லை.

ஏலம் இல்லைன்னா என்ன ஆகும்? யார் காய் எங்கே நிக்குதோ அவருக்கு மட்டும்தான் வாங்குற உரிமை. பகடைதான் முதலாளி. அட்டைகள் விற்காம கிடக்கும், ஆட்டம் மணிக்கணக்கா இழுக்கும். ஏலம் வந்தா எல்லாருக்கும் கேட்க வாய்ப்பு வரும், ஆட்டமும் சீக்கிரம் முடியும். ஆனா கையில் ரொக்கம் அதிகம் உள்ளவர் அள்ளிடுவார். கையில் காசில்லாத நேரத்தில் ஏலம் வந்தா வேடிக்கைதான் பார்க்கணும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

இங்கே நம்ம ஊர் ஏலச்சீட்டை யோசிச்சுப் பாருங்க. அவசரத்தில் இருப்பவர் தள்ளிக் கேட்டு எடுப்பார். அந்தத் தள்ளுத்தொகை மற்ற உறுப்பினர்களுக்குப் பிரியும். மோனோபோலி ஏலப் பணமோ நேரா பாங்குக்குப் போயிடும். ஆக, ஏலம் நியாயமா இல்லையாங்கிறது பாதிக் கேள்விதான். ஏலத்தில் வந்த பணம் யாருக்குப் போகுது? மேகி கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

இது பலகையோட நிக்கலை. நம்ம பகுதியைச் சுற்றி சிவகிரி, ஊத்துமலைன்னு ஜமீன்கள் இருந்தன. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1961-ல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர்னு வரம்பு போட்டது, 1970-ல் அது 15 ஆனது. ஒருத்தர் எத்தனை அட்டை வச்சுக்கலாம்னு சட்டசபை விவாதிச்சு எழுதின விதி இது. அங்கேயும் கேள்விகள் இதேதான்: ஏற்கனவே வச்சிருப்பவரிடமிருந்து எடுக்கலாமா, எடுத்ததை யாருக்குக் கொடுப்பது?

அதனால அடுத்த தடவை வீட்டில் "இதுதான் விதி"ன்னு யாராவது சொன்னா, விட்டுடாதீங்க. ஆட்டம் தொடங்கும் முன்னாடியே எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. பாதி ஆட்டத்தில் விதி மாத்தினா, ஜெயிச்சுக்கிட்டு இருப்பவர்தான் அதை எழுதுவார். ஒருமுறை ஏலத்தோட, ஒருமுறை ஏலம் இல்லாம ஆடிப் பாருங்க. யார் ஜெயிச்சாங்கன்னு இல்ல, யார் முதல்ல வெளியே போனாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.