நிறமாலை முறைகளின் நம்பகத்தன்மை: கல்கத்தா முதல் ஏறாவூர் வரை

குருதியிலும் சிறுநீரிலும் உள்ள சேர்வைகளை ஒளியாலும் காந்தப்புலத்தாலும் அளந்து, உடலின் அனுசேப நிலையை அறியும் நிறமாலை முறைகள் இன்று மருத்துவ ஆய்வில் பெருமதிப்புப் பெற்றுள்ளன. கருவி வரையும் கோடு பொய் கூறாது என்ற எண்ணமும் உடன் வளர்ந்துள்ளது. இவ்வெண்ணம் எத்துணை ஏற்புடையது என்பதை இத்துறையின் வரலாற்று நிகழ்வுகள் இரண்டின் துணையோடு ஆராய முற்படுகின்றோம்.

முதலாவது கல்கத்தாவில் நிகழ்ந்தது. 1923 இல் சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் கே. ஆர். இராமநாதன், நீர் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லொளியொன்றும் கலந்திருக்கக் கண்டார். மாசினால் எழும் உடனொளிர்வு என்றே அது முதலிற் கருதப்பட்டது. திரவங்களை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் அவ்வொளி மறையவில்லை. 1928 இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஏறக்குறைய 60 திரவங்களைச் சோதித்தனர். அவ்வொளியின் முனைவாக்கத்தையும் ஆராய்ந்து, அது மாசின் விளைவன்று, மூலக்கூறுகளின் இயல்பே என நிறுவினர். இராமன் 1930 இல் நோபல் பரிசு பெற்றார். அவர்களின் கருவி எளியது. மாதிரி மீது அவர்கள் கொண்ட ஐயமோ கடுமையானது.

இரண்டாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. குருதித் திரவவிழையத்தின் கருக்காந்தப் பரிவு நிறமாலையில் கொழுப்புப்புரதக் கோடுகளின் அகலத்தைக் கொண்டு புற்றுநோயை இனங்காணலாம் என 1986 இல் எரிக் பொசெல் குழுவினர் அறிவித்தனர். பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் பிற ஆய்வுகூடங்கள் அம்முடிவை எய்தவில்லை. கோட்டின் அகலம் குருதியிலுள்ள திரைகிளிசரைட்டின் அளவோடு மாறுவதும், அவ்வளவு உணவு, வயது, பால் என்பவற்றைச் சார்ந்திருப்பதும் தெளிவாயின. கருவி சரியாகவே அளந்தது. அளக்கப்பட்டது எது என்பதிலேயே தவறு நேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளும் நமக்கு அயலானவை அல்ல. மட்டக்களப்பு வாவிக்கும் புன்னைக்குடாக் கடலுக்கும் இடைப்பட்ட ஏறாவூரில் குருதியும் சிறுநீரும் திரட்டப்படுவதாகக் கொள்வோம். கடல்மீன் உண்டவரின் சிறுநீரில் திரைமெதைலமைன் ஒட்சைட்டு மிகும். 2011 முதல் இதய நோயோடு தொடர்புபடுத்தி ஆராயப்படும் சேர்வை இதுவே. உணவை விசாரியாது கோட்டை மட்டும் நோக்குவோர் நேற்றைய மீன்கறியை நோயென்று கொள்ளக்கூடும். றமழான் நோன்புக் காலத்தில் உணவு வேளைகள் மாறுகின்றன; அம்மாதத்தில் எடுத்த குருதியைப் பிற மாதத்துக் குருதியோடு ஒப்பிடுதல் பொருந்தாது. வெப்பத்தில் வைத்த குருதியில் செங்குழியங்கள் குளுக்கோசைத் தொடர்ந்து நுகர்கின்றன; இலற்றேற்று கூடுகிறது. நோயாளியின் உடலில் நிகழாத மாற்றம் போத்தலில் நிகழ்ந்துவிடுகிறது.

முறைகளுக்கும் தத்தம் எல்லைகள் உண்டு. கருக்காந்தப் பரிவு மீள அளக்கையில் ஒத்த முடிவைத் தரும். மிகச் சிறிய அளவுகளைத் தவறவிடும். திணிவு நிறமாலை நுண்ணளவையும் காணும். ஆயினும் ஒரு சேர்வை மற்றொன்றின் சைகையை அடக்கிவிடும். எனவேதான் எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிது சேர்த்த பொதுக் கலவையை இடையிடையே அளந்து கருவியின் நிலைபேற்றைச் சோதிக்கின்றனர். ஒரு சேர்வை எவ்வளவு உறுதியோடு இனங்காணப்பட்டது என்பதை நான்கு படிகளாக அறிவிக்கும் நியமமும் 2007 இல் முன்வைக்கப்பட்டது.

பிற நாட்டார் உடல்களிலிருந்து வகுத்த இயல்பளவுகளை ஏறாவூர் மீனவர்க்கும் உழவர்க்கும் நெசவாளர்க்கும் அப்படியே பொருத்துதல் அறிவியலாகாது. அயலே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. இம்மக்களின் உணவு, நோன்பு, தொழில், மாதிரி எடுத்த வேளை ஆகியவற்றைக் கோடுகளுடன் ஒருங்கே பதியும் ஆய்வுமரபு இப்பிரதேசத்திலேயே வேரூன்ற வேண்டும் என்பதே நமது துணிபு.