படையோடு வந்த போதகர்

1658 ஆனியில், மூன்று மாத முற்றுகையின்பின், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. வான் கூன்ஸ் தலைமையில் வந்த அந்தப் படைக்குப் போதகராயிருந்தவர் பிலிப்பஸ் பால்டேயஸ். டெல்ஃப்ற் நகரத்தவர்; 1632 இல் பிறந்தவர்.

போர் முடிந்தும் அவர் இங்கேயே தங்கினார். போர்த்துக்கேயர் கட்டிய கத்தோலிக்க கோவில்களும் அவற்றோடிருந்த பள்ளிக்கூடங்களும் அவர் பொறுப்பில் வந்தன. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம். வாளின் நிழலில் நடந்த பள்ளிக்கூடம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அவர் தமிழ் படித்தார். 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியான அவருடைய பெருநூலில் தமிழ் எழுத்துக்களும், தமிழில் கர்த்தருடைய செபமும், நம்மூர்க் கோவில்களின் படங்களும் உண்டு. இந்துசமயம் பற்றிய பகுதியிற் பெரும்பங்கு பெனிசியோ என்ற யேசுசபைக் குருவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. அவர் பெயரைச் சொல்லாமல் விட்டதை மன்னிப்பது கடினம்.

தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அந்தப் பழைய கோவில்கள் கூரையிழந்து கிடந்தன. 1816 முதல் வந்த அமெரிக்க மிஷனரிமார் அவற்றைத் திருத்திக் குடியேறினர். 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியவர்களும் அவர்களே.