அழிப்பதற்கும் காசு!

அரை மணி நேரம் செல்போனில் கேம் ஆடிப் பாருங்கள். உள்ளங்கை சுடும். அது நீங்கள் கட்டும் அபராதம். எதற்கு என்கிறீர்களா? கதை ஒரு பூதத்திடம் ஆரம்பிக்கிறது.

1867. ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், நண்பர் டெய்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு அறைகள், நடுவே ஒரு குட்டிக் கதவு, அங்கே ஒரு காவல்காரன். வேகமான மூலக்கூறு வந்தால் இந்தப் பக்கம், மெதுவானது வந்தால் அந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் ஓர் அறை சுடும், இன்னொன்று குளிரும். ஓசியில்! அந்தக் காவல்காரனுக்குப் பூதம் என்று பெயர் வைத்தவர் கெல்வின்.

காமர்ஸ் படித்த எனக்கு ஒரே கேள்விதான். வரவு சரி, செலவு எங்கே?

விஞ்ஞானிகளும் அதைத்தான் தேடினார்கள். ‘மூலக்கூறை அளந்து பார்க்கிறதே, அதில்தான் செலவு’ என்றார் லியோ சிலார்டு, 1929-ல். ஐ.பி.எம்.மின் ரால்ஃப் லாண்டவர் 1961-ல் வேறு இடத்தைக் காட்டினார். தகவலை அழிக்கும்போதுதான் வெப்பம் வெளியேறியே தீரும்! 1982-ல் சார்லஸ் பென்னெட் கணக்கை முடித்தார். பூதம் பார்த்ததையெல்லாம் குறித்து வைக்கிறது. நோட்டு நிரம்பினால் அழிக்க வேண்டும். அங்கேதான் பில் வருகிறது.

எவ்வளவு? ஒரு ஜூலை லட்சம் கோடி பங்காக்கி, அதில் ஒன்றை மறுபடி நூறு கோடி பங்காக்குங்கள். சாதாரண அறை வெப்பத்தில், ஒரு பிட்டை அழிக்க அதில் சுமார் மூன்று பங்கு. அவ்வளவுதான்!

இதை நிஜமாகவே அளந்தும் விட்டார்கள். 2012-ல், பிரான்ஸின் லியோன் நகரில். தண்ணீருக்குள் இரண்டு மைக்ரான் கண்ணாடி மணி. லேசர் ஒளியால் அதற்கு இரண்டு பள்ளங்கள். மணி எந்தப் பள்ளத்தில் இருந்தாலும் சரி, ஒரே பள்ளத்துக்குத் தள்ளினால் தகவல் அழிந்தது என்று அர்த்தம். அவசரமாகத் தள்ளினால் வெப்பம் அதிகம். மெதுவாகத் தள்ளத் தள்ள, லாண்டவர் சொன்ன எல்லையை நெருங்கியது. நேரத்தை இரண்டு மடங்காக்கினால் உபரி வீணடிப்பு பாதியாகும்.

சரி, நமக்கு ஏது அத்தனை நேரம்?

அதற்கும் 2007-லேயே ஒரு விடை வந்திருந்தது. ஜெர்மனியின் ஷ்மீடில், சைஃபெர்ட் என்ற இருவர் கணக்குப் போட்டார்கள். இப்படியொரு மணியைக் குறித்த நேரத்துக்குள், குறைந்த செலவில் லேசரால் இழுத்துப் போவது எப்படி? நடுவழியில் ஒரே சீராகப் போ. ஆனால் கிளம்பும்போது ஒரு குதி, சேரும்போது ஒரு குதி! நம்மூர் பஸ் டிரைவரிடம் சொன்னால் அடிக்க வருவார். நுண்ணுலகில் அதுதான் சிக்கனம்.

இன்றைய சிப்புகள் அந்த எல்லையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் செலவழிக்கின்றன. அதாவது, உங்கள் உள்ளங்கைச் சூட்டில் பூதத்தின் பங்கு தூசு. மிச்சமெல்லாம் நம் அவசரமும் ஊதாரித்தனமும்தான்!