விளாடிமிர்த் திருத்துயிற் பேராலயம்

மொஸ்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தொலைவில், கிளியாஸ்மா ஆற்றின் உயர்ந்த கரைமேல் விளாடிமிர் என்னும் பழைய நகரம் அமைந்துள்ளது. அக்கரையின் விளிம்பில் வெண்கற் சுவர்களும் ஐந்து பொற்குவிமாடங்களும் கொண்டு விளங்குவது தேவமாதாவின் திருத்துயிற் பேராலயமாகும். உருசிய ஓதொடொக்ஸ் திருச்சபையின் வரலாற்றிற் கீவ் நகரத்துப் புனித சோபியா ஆலயத்தோடு ஒருங்கு வைத்தெண்ணத்தக்க இதனைப் பற்றிப் பேசுவோர், அந்திரெய் பொகொலியூப்ஸ்கி கட்டியது என்று ஒரு தொடரிற் கூறி மேற்செல்வது வழக்கம். அக்கூற்றுப் பாதியளவே உண்மை. இன்று வெளியில் நின்று நோக்குவார்க்குப் புலனாவதிற் பெரும்பகுதி அந்திரெய் கட்டியது அன்று. அவன் கட்டிய ஆலயத்தைத் தன்னுள் அடக்கி நிற்கும் மற்றோர் ஆலயமாகும்.

அந்திரெய் கீவ் அரசுரிமையில் நாட்டம் வையாதவன். அவன் தந்தை யூரி டொல்கொரூக்கி அவ்வரியணைக்காகவே வாழ்நாளெல்லாம் போரிட்டான். மைந்தனோ 1155 இல் தந்தையின் விருப்பத்தை மீறி, கீவுக்கு அண்மையிலுள்ள விஷ்கொரொட் என்னும் ஊரை விட்டு வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டான். கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து வந்த தேவமாதாவின் திருவுருவப் படம் ஒன்றையும் உடன்கொண்டு சென்றான். 1157 இல் யூரி இறந்தபின் ஆட்சியை ஏற்றவன், பழம்பெருமை வாய்ந்த ரொஸ்தோவையும் சுஸ்தாலையும் விடுத்து, இளைய நகராகிய விளாடிமிரைத் தலைநகராக்கினான். 1158 இல் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1160 இல் கட்டடவேலை நிறைவெய்தியது. கீவுக்கு நிகரான தனித் தலைமைப் பேராயர் பீடம் ஒன்றை இங்கே நிறுவுதல் அவன் நோக்கம். கொன்ஸ்தாந்திநோப்பிள் பிதாப்பிதா அதற்கு இசையவில்லை. பீடம் கிட்டாவிடினும் பீடத்துக்கென எழுந்த ஆலயம் நிலைத்தது. 1169 இல் அவனுடைய படைகள் கீவைச் சூறையாடியதையும் நோக்குமிடத்து, இவ்வாலயம் பக்தியால் மட்டும் எழுந்ததன்று என்பது தெளிவு.

கீவ் நாட்டு ஆலயங்கள் பெரும்பாலும் செங்கல்லால் ஆயவை. அந்திரெய் வெண்சுண்ணக் கல்லைத் தேர்ந்தான். செவ்வனே செதுக்கிய கற்களை உள்ளும் புறமுமாக இரு வரிசையில் அடுக்கி, இடைவெளியை உடைகல்லாலும் சுண்ணச் சாந்தாலும் நிரப்புதல் அக்காலக் கட்டடமுறை. ஆறு தூண்கள், கிழக்கே மூன்று அரைவட்டக் கோட்டங்கள், நடுவில் ஒற்றைக் குவிமாடம் என்பன முதலாலயத்தின் அமைப்பு. சுவரின் இடையுயரத்திற் சிறு தூண்களும் வளைவுகளும் அணிசெய்யும் பட்டை ஒன்று ஓடியது. அத்தூண்களின் இடையே தீர்க்கதரிசிகளின் உருவங்கள் தீட்டப்பெற்றன. இறைவன் எல்லா நாடுகளிலிருந்தும் கைவினைஞரை வருவித்தான் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு உரைக்கின்றது. ஜெர்மானியப் பேரரசன் பிரெடரிக் பார்பறோசாவே அவர்களை அனுப்பினான் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலே தத்திஷ்சேவ் எழுதிய செய்தி. மேற்கு ஐரோப்பியச் சாயல் செதுக்குவேலையிற் காணப்படுவது உண்மையே; எனினும் அதனைக்கொண்டு பேரரசன் பெயரை உறுதிப்படுத்தல் இயலாது.

அந்திரெய் 1174 இல் தன் பரிவாரத்தினராலேயே கொலையுண்டான். 1176 இல் அவன் தம்பி விசெவொலொட் ஆட்சிக்கு வந்தான். 1185 இல் நகரை அழித்த பெருந்தீயில் ஆலயமும் வெந்தது. சுவர்கள் வீழவில்லை, ஆயினும் வெப்பத்தாற் கல் வலியிழந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுதல் எளிதாயிருந்திருக்கும். தமையனின் பெயரை மறைத்துத் தன் பெயரை நாட்டவும் அது வாய்ப்பளித்திருக்கும். விசெவொலொட் அவ்வாறு செய்தானல்லன். பழைய ஆலயத்தின் வடக்கு, தெற்கு, மேற்குப் புறங்களைச் சூழ ஒரு புதுச் சுற்றை எழுப்புவித்தான். கிழக்குக் கோட்டங்களைப் பெரியனவாக மீளக் கட்டுவித்தான். பழஞ்சுவர்களில் அகன்ற வளைவு வாயில்கள் திறக்கப்பட்டன. இதனாற் புறச்சுவர் அகச்சுவராயிற்று. சுவரின் எஞ்சிய பகுதிகள் பெருந்தூண்களாயின. வெந்த கல்லைப் புதுக்கல் தாங்கியது. மூலைகளில் நான்கு குவிமாடங்கள் சேர, ஒன்று ஐந்தாயிற்று. புதுச்சுற்றுப் பழைய சுவரினுந் தாழ்ந்திருத்தலின், வில்வளைவு முகடுகள் படிப்படியாக உயர்ந்து நடுக்குவிமாடத்தைச் சென்றடைகின்றன. ஆலயத்தின் தனியழகென இன்று போற்றப்படுவது பழுதுபார்க்கும் வேலையிற் பிறந்தது என்பதைச் சிற்பநூல் கற்போர் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1189 இல் இப்பணி முடிந்தது. திறந்த வெளிக்கென வரைந்த தீர்க்கதரிசிகள் சிலர் சுற்றின் வடபுறத்தே கூரையின் கீழ் அகப்பட்டமையால், மழையும் பனியும் தீண்டாது தப்பினர். புதுச்சுவர்களின் மாடங்கள் அரசகுலத்தாரின் கல்லறைகளாயின.

1238 பெப்ரவரியிற் பாத்து கானின் மொங்கோலியப் படை நகரை முற்றியது. படைதிரட்டச் சென்றிருந்த பெருங்கோமகன் யூரியின் மனைவியும் மக்களும் ஆயர் மித்ரொபானும் ஆலயத்தினுட் புகுந்து கதவடைத்தனர். பகைவர் விறகு குவித்துத் தீயிட்டனர். உள்ளிருந்தோர் மாண்டனர், சுவர்கள் நின்றன. யூரியும் மறுமாதம் சித் ஆற்றங்கரைப் போரில் மடிந்தான்.

அரசியல் முதன்மை மெல்ல மொஸ்கோவைச் சேர்ந்தது. திமூரின் படையெடுப்புக்கு அஞ்சி 1395 இல் திருவுருவப் படத்தையும் அங்கே கொண்டுசென்றனர். எனினும் மொஸ்கோவின் பெருங்கோமகர் விளாடிமிரைத் தம் குலத்தின் தாய்க்கோயிலாகவே மதித்தனர். முதலாம் வசீலியின் ஆணைப்படி 1408 மே 25 அன்று அந்திரெய் ருப்லியொவ், தனியில் சொர்ணி என்னும் ஓவியர் இருவர் சுவர்களைப் புதிதாகத் தீட்டத் தொடங்கினர். மேற்குப் பகுதியில் எஞ்சியுள்ள இறுதித் தீர்ப்பு ஓவியமே இவற்றுள் தலையாயது. தீயையும் வேதனையையும் காட்டி அச்சுறுத்துவது இப்பொருளை வரைவோர் பலரின் இயல்பு. இங்கோ எக்காளம் ஊதும் தேவதூதரின் முகத்திலும் அமைதியே நிலவுகின்றது. பேதுருவும் பவுலும் முன்செல்ல நல்லோர் சுவர்க்கத்தை நோக்கி நடக்கின்றனர். இரண்டாண்டின்பின் 1410 இல் தாத்தாரியர் திடீரெனப் புகுந்தபோது, ஆலயத்தின் திறவுகோற் காவலராகிய பத்ரிக்கேய் என்னும் குரு பொற்கலங்களை ஒளித்துவைத்தார். கொடிய சித்திரவதையிலும் ஒளித்த இடத்தை அவர் கூறாமலே இறந்தார்.

மொஸ்கோவிற் கட்டப்பெற்று வந்த திருத்துயிற் பேராலயம் 1474 இல் இடிந்து வீழ்ந்தது. மூன்றாம் இவான் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துச் சிற்பி அரிஸ்தோத்திலே பியொராவந்தியை 1475 இல் அழைப்பித்து, விளாடிமிர் ஆலயத்தை முன்மாதிரியாகக் கொள்ளப் பணித்தான். அதனைக் கண்ட சிற்பி தம் நாட்டவர் கைவேலை போலும் என வியந்தாராம். 1479 இல் நிறைவெய்திய மொஸ்கோ ஆலயத்தின் ஐந்து குவிமாடங்களும் சுவரிடைத் தூண்பட்டையும் அவர் கண்டதை இன்றும் காட்டி நிற்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டிற் பழமைக்கு மதிப்புக் குன்றியது. ருப்லியொவ் குழுவினர் வரைந்த திருவுருவப் படங்கள், ஆளுயரத்தினும் மிக்க பலகைகள், பலிபீடத்தின் முன்னிருந்து அகற்றப்பட்டு, வசீலியெவ்ஸ்கொயே என்னும் ஊருக்கு விற்கப்பட்டன. அவற்றிடத்தே பொன்பூசிய மரவேலைப்பாடு நிறுத்தப்பட்டது. தீயும் பகைவரும் செய்யாத இழப்பு இது. 1888 முதல் 1891 வரை கட்டடம் செப்பனிடப்பட்டது; 1918 இற் சுவரோவியங்கள் மேற்பூச்சு நீக்கித் துலக்கப்பட்டன; 1992 இல் விளாடிமிர், சுஸ்தால் வெண்கற் கட்டடங்கள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. விற்கப்பட்ட பலகைகள் இருபதாம் நூற்றாண்டில் மீட்கப்பட்டு, மொஸ்கோ திரெத்தியக்கொவ் கலைக்கூடத்திலும் சென் பீற்றர்ஸ்பேர்க் உருசிய அருங்காட்சியகத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. சுவரோவியங்கள் மட்டும் வரையப்பட்ட இடத்திலேயே உள்ளன.