கதவுக்கு அந்தப் பக்கம்

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதல் அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டு நிலவறையில் நான்கு பையன்கள் ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறார்கள். ஏதோ வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு இழுக்கிறான் மைக். அதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோ என்று மற்ற மூவரும் தாங்களே யோசித்து யோசித்துப் பயப்படுகிறார்கள். பொம்மை மேசைக்கு வந்த பிறகு நடப்பது வேறு. யார் அடிப்பது, பகடையில் எத்தனை விழ வேண்டும்? பயம் போய்க் கணக்கு வந்துவிடுகிறது.

இப்படி ஒளித்து வைத்துப் பயமுறுத்துவது பேய்க்கதைகளிலிருந்து வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் வேர் ராணுவத்தில் இருக்கிறது.

சதுரங்கத்தில் ஒளிவதற்கு இடமில்லை. யானை எங்கே நிற்கிறது என்று இருவருக்குமே தெரியும். நிஜப் போரில் அப்படியா? 1824இல் பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர் விளையாட்டு இதற்கு ஒரு வழி சொன்னது. இரு தரப்பும் தங்கள் ஆணைகளை நடுவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் படை எங்கே இருக்கிறது என்பது முழுசாக அவருக்கு மட்டும்தான் தெரியும். எதிரி கண்ணில் படுகிற தூரத்துக்கு வந்தால்தான் அந்தக் கட்டையை வரைபடத்தில் வைப்பார்.

அந்த நடுவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1880இல் சார்லஸ் டாட்டன் எழுதிய ‘ஸ்ட்ராடகோஸ்’ என்ற போர் விளையாட்டு நூல், பல பத்தாண்டுகள் கழித்து மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் கிடைத்தது. 1969இல் அவர் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு தனி மனிதராகவே ஆடினார்கள். அவருடைய நண்பர் டேவ் ஆர்னசன், 1971 வாக்கில் அதே நடுவரை ‘பிளாக்மூர்’ கோட்டையின் பாதாள அறைகளுக்குள் இறக்கினார். மறைந்திருக்கும் படை, மறைந்திருக்கும் பூதமானது. 1974இல் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளை வெளியிட்டார்கள்.

அதில் ஒரு சின்ன விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கதவில் காது வைத்துக் கேட்கலாம். மனிதனுக்கு ஆறுபக்கப் பகடையில் 1 விழுந்தால்தான், உள்ளே சத்தம் இருந்தால் கேட்கும். ஆனால் செத்தும் நடமாடுகிறவை சத்தமே போடாது. இப்போது மேசையைக் கற்பனை பண்ணுங்கள்.

“காது வெச்சுக் கேக்கறேன்.”

நடுவர் தன் மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டுகிறார். “ஒண்ணும் கேக்கல.”

அறை காலியா? கேட்கத் தவறிவிட்டோமா? இல்லை, உள்ளே இருப்பது சத்தம் போடாத ஜாதியா? ஒரே பதிலுக்கு மூன்று அர்த்தம். நடுவர் பயங்கரமாக எதையும் வர்ணிக்கவே இல்லை.

1977இல் ‘மான்ஸ்டர் மேனுவல்’ வந்தது. பிராணிகள் எண்களோடு, பல படத்தோடும், அகரவரிசையில். படித்தவன் எதற்குப் பயப்படுவான்? பெட்டி மாதிரி இருக்கும் ‘மிமிக்’, கூரை மாதிரி இருக்கும் ‘லர்க்கர்’ எல்லாம் அதில் உண்டு. ஆனால் இவற்றை அளவுக்கு மீறி இறக்கினால் ஆட்டக்காரர்கள் பத்தடிக் கம்பால் ஒவ்வொரு கல்லையும் குத்திப் பார்த்துக்கொண்டே போவார்கள். அது எச்சரிக்கைதான், திகில் இல்லை.

1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் க்துல்ஹு’ கணக்கைத் தலைகீழாக்கியது. அதில் பூதங்களைப் பற்றிய அறிவு கூடக் கூட, உங்கள் சித்தத் தெளிவின் உச்சவரம்பு குறையும். தெரிந்துகொள்வதே ஆபத்து. ஆனாலும் பழைய செய்தித்தாளைப் புரட்டாமல் கதை நகராது.

இரண்டு ஆட்டங்களுக்கும் அடியில் இருப்பது ரைஸ்விட்ஸின் அந்த வரைபடம்தான். ஆட்டக்காரன் பார்க்காவிட்டாலும் எதிரிப்படை அதில் ஓரிடத்தில் உண்மையாகவே நின்றது. நடுவர் நினைத்த இடத்தில் முளைக்கவில்லை. இடது கதவோ வலது கதவோ, எதைத் திறந்தாலும் அதே பூதத்தைக் கொண்டுவந்து வைக்கிற நடுவரால் ஓரிரவு பயமுறுத்த முடியும். விஷயம் தெரிந்த பிறகு யாரும் கதவில் காது வைக்க மாட்டார்கள். “எதைத் திறந்தாலும் அதுதானே வரப்போகுது” என்று உதைத்துத் திறந்துகொண்டு போவார்கள்.