ஜாக் ஜான்சன்: பட்டமும் அளவுகோலும்

குத்துச்சண்டையின் வரலாற்றை எழுதியவர்களுள் நாட் ஃபிளெய்ஷருக்குத் தனியிடம் உண்டு. 1922இல் ‘தி ரிங்’ இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1972இல் மறையும்வரை அதன் ஆசிரியராக இருந்தவர். ஹெவிவெயிட் பிரிவில் எக்காலத்துக்கும் முதல்வர் யார் என்ற கேள்விக்கு அவர் தந்த விடை ஜாக் ஜான்சன். ஜோ லூயிஸையும் ராக்கி மார்சியானோவையும் கண்ணாரக் கண்ட பிறகும் அவர் அவ்விடையை மாற்றிக்கொள்ளவில்லை. பின்வந்த பட்டியல்களிலோ முதலிடம் பெரும்பாலும் முகம்மது அலிக்கோ லூயிஸுக்கோ போகிறது; ஜான்சன் சில படிகள் கீழே நிற்கிறார். இந்த இறக்கம் நியாயமானதுதானா? மறுபுறம், அவர் பட்ட பாட்டுக்காகவே அவரை உயர்த்திவிடும் இரக்கம் நியாயமானதா? ஒரு புலவனின் வறுமையையும் அவன் பாட்டின் தரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று வகுப்பறையில் சொல்லிக்கொண்டிருக்கும் நாம், இங்கும் அந்தப் பிரிவினையைச் செய்துபார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஜான்சன் பிறந்தது 1878 மார்ச் 31 அன்று, டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுக நகரில். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். அவர் கையுறை அணிந்த காலத்தில் ஹெவிவெயிட் பட்டத்தைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. அதற்கு ‘நிறக்கோடு’ என்று பெயர். பட்டம் வைத்திருக்கும் வெள்ளையர் எந்தக் கறுப்பினத்தவரோடும் பட்டத்துக்காக மோதமாட்டார் என்பதே அதன் பொருள். ஜான் எல். சல்லிவன் இதை வெளிப்படையாகவே அறிவித்தார். பீட்டர் ஜாக்சன் என்ற மாபெரும் வீரர் அந்த வேலிக்கு வெளியே நின்றே ஓய்ந்துபோனார். 1891இல் அவரோடு 61 சுற்றுகள் மோதி முடிவு காணாத ஜேம்ஸ் கார்பெட்டும், தாம் பட்டம் பெற்ற பிறகு அவரை மேடைக்கு அழைக்கவில்லை. வெல்ல முடியாத தோல்வி என்று ஒன்று உண்டானால், அது மேடையேறவே விடாத தோல்விதான்.

ஜான்சனின் கல்வி சிறையில் தொடங்கியது என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது. 1901இல் ஜோ சொயின்ஸ்கி என்ற அனுபவசாலி அவரைக் கால்வெஸ்டனில் மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். டெக்சாஸில் அப்போது பரிசுக்கான குத்துச்சண்டை சட்டவிரோதம். வென்றவரையும் தோற்றவரையும் சேர்த்தே சிறையில் அடைத்தார்கள். மூன்று வாரங்களுக்கும் மேல் நீண்ட அந்தச் சிறைவாசத்தில் இருவரும் பயிற்சிச் சண்டை செய்தனர். இத்தனை விரைவாக நகரக்கூடியவன் அடிவாங்க வேண்டிய தேவையே இல்லை என்ற பாடத்தை இளைஞர் அங்கே கற்றுக்கொண்டார். பின்னாளில் அவருடைய கலை முழுவதும் அந்த ஒரு பாடத்தின் விரிவுரையாக அமைந்தது.

அக்கலையை எஞ்சியிருக்கும் பழைய படச்சுருள்களில் நாம் இன்றும் காணலாம். எதிராளியின் குத்து புறப்படும்போதே அதன் வழியில் உள்ளங்கையை விரித்து வைத்து நிறுத்திவிடுவார். நெருங்கி வருபவரைக் கைகளோடு பிணைத்து அசையவிடாமல் செய்து, பிடி நெகிழும் கணத்தில் கீழிருந்து மேலெழும் அப்பர்கட் குத்தைச் செலுத்துவார். இடையிடையே எதிராளியோடும் பார்வையாளரோடும் பேசுவார், சிரிப்பார். இன்றைய கண்ணுக்கு இந்த ஆட்டம் மந்தமாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்துச் சண்டைகள் 20 சுற்றுகளும் 45 சுற்றுகளும் என விதிக்கப்பட்டவை. மூச்சைச் சேமித்தவனே முடிவில் நிற்பான். தற்காப்பை ஹெவிவெயிட் பிரிவில் ஒரு முழுமையான போர்முறையாக வளர்த்தவர்களுள் ஜான்சனே தலையாயவர் என்று துணிந்து கூறலாம்.

வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கென்று தனியாக ஒரு ‘கறுப்பினச் சாம்பியன்’ பட்டம் இருந்தது. 1903இல் டென்வர் எட் மார்ட்டினை வென்று அதைப் பெற்றார் ஜான்சன். சாம் மெக்வேயை மூன்று முறை வென்றார். ஜோ ஜெனட்டோடு பலமுறை மோதினார். 1906இல் சாம் லாங்ஃபோர்டை 15 சுற்றுகளில் வென்றார். லாங்ஃபோர்ட் அப்போது அவரைவிட ஏறக்குறைய 30 பவுண்டு எடை குறைந்தவர், வளர்ந்து கொண்டிருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

பட்டம் அப்போது கனடாவின் டாமி பர்ன்ஸிடம் இருந்தது. அவரைத் துரத்திக்கொண்டு இங்கிலாந்துக்கும் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றார் ஜான்சன். 30,000 டாலர் தந்தால் மோதுகிறேன் என்றார் பர்ன்ஸ். ஹியூ மெக்கின்டாஷ் என்பவர் அத்தொகையைத் தந்தார். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் சண்டை நடந்தது. 14ஆம் சுற்றில் காவலர்கள் குறுக்கிட்டு நிறுத்தினார்கள். படமெடுக்கும் கருவியும் நின்றது. ஒரு வெள்ளைச் சாம்பியன் வீழும் காட்சி உலகின் கண்ணில் படக்கூடாது என்ற கவலை அத்தனை பேருக்கும் இருந்தது. அங்கே செய்தியாளராக அமர்ந்திருந்தவர் நாவலாசிரியர் ஜாக் லண்டன். தோல்வியறியாமல் ஓய்வுபெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரிஸ் தம் பண்ணையை விட்டு எழுந்துவந்து ஜான்சனின் முகத்துச் சிரிப்பைத் துடைக்க வேண்டும் என்று அவர் எழுதினார். ஒடுக்கப்பட்ட தொழிலாளருக்காகப் பேசிய அந்தப் பேனா, நிறம் என்று வந்தபோது சறுக்கியதை இலக்கிய வாசகர்கள் மறந்துவிடலாகாது.

ஜெஃப்ரிஸ் வந்தார். 1910 ஜூலை 4, நெவாடாவின் ரீனோ. 1904க்குப் பிறகு மேடையேறாதவர், உடலில் ஏறிய பெரும் எடையைக் கரைத்துவிட்டு வந்திருந்தார். அதுவரை எவரும் தரையில் வீழ்த்தியிராத அவரை 15ஆம் சுற்றில் ஜான்சன் மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டது. பலர் உயிரிழந்தனர், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அப்படச்சுருளை ஊர் ஊராகத் தடைசெய்தார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே தடுக்கும் சட்டமும் வந்தது. ஒரு விளையாட்டுப் போட்டியின் முடிவுக்கு ஓர் அரசு இவ்வளவு அஞ்சிய நிகழ்வு வரலாற்றில் அரிது.

நிற்க. இதுவரை சொன்னது ஜான்சன் வரலாற்றில் பெற்ற இடம். அது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. வீரராக அவர் பெறும் இடத்தைக் கணக்கிடும்போதுதான் தயக்கம் எழுகிறது. பர்ன்ஸ் ஐந்தடி ஏழங்குல உயரமே உடையவர். 1909இல் மோதிய ஸ்டான்லி கெச்சல் மிடில்வெயிட் பிரிவின் சாம்பியன். அவர்கூட 12ஆம் சுற்றில் ஜான்சனை ஒரு கணம் தரையில் விழச்செய்தார், அடுத்த கணமே தாம் நினைவிழந்து வீழ்ந்தார். ஜெஃப்ரிஸ் தம் இளமையின் நிழல். தம் உச்சக் காலத்திலும் ஜான்சனைத் தொட்டிருக்க முடியாது என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். அது தோற்றவரின் பெருந்தன்மை, சான்றாகாது. பட்டம் வைத்திருந்த ஆறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், தம் உச்சத்தில் இருந்த தலைசிறந்த ஹெவிவெயிட் ஒருவரை ஜான்சன் சந்தித்தார் என்று சொல்வது கடினம்.

அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. லாங்ஃபோர்ட் வளர்ந்து முழுமை பெற்றிருந்தார். ஜெனட்டும் மெக்வேயும் இருந்தார்கள். மூவரும் கறுப்பினத்தவர், மூவரும் ஜான்சன் ஏறிய ஏணியின் படிகள். பட்டம் பெற்றபின் அம்மூவரில் ஒருவருக்கும் அவர் வாய்ப்புத் தரவில்லை. 1913 டிசம்பர் 19 அன்று பாரிஸில் ஹெவிவெயிட் பட்டத்துக்காக முதன்முறையாக இரு கறுப்பினத்தவர் மோதினர். ஆனால் ஜான்சன் தேர்ந்தெடுத்த எதிராளி, இவர்களுக்குப் பல படிகள் கீழிருந்த பேட்லிங் ஜிம் ஜான்சன். சாம்பியனின் கை காயமுற, அச்சண்டையும் பத்துச் சுற்றுகளில் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த நாளே அதே பாரிஸில் லாங்ஃபோர்டும் ஜெனட்டும் 20 சுற்றுகள் மோதினர். உலகின் உண்மையான பட்டப்போட்டி அந்த இரண்டு இரவுகளில் எதில் நடந்தது என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஜான்சன் தரப்பு வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். இரு கறுப்பினத்தவர் மோதினால் கூட்டம் வராது, பணம் வராது என்றார் அவர். அந்தச் சந்தையை அவர் உருவாக்கவில்லை. மேலும், அவருடைய காலம் அவரிடமே இருக்கவில்லை. வெள்ளைப் பெண்களோடு அவர் வாழ்ந்ததைப் பொறுக்காத அரசு, பெண்களைக் கடத்தி விற்பவர்களுக்காக 1910இல் இயற்றிய மான் சட்டத்தை அவர்மீது ஏவியது. 1913இல் வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது; ஓராண்டும் ஒரு நாளும் சிறை. அவர் நாட்டை விட்டுத் தப்பினார். 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவின் வெயிலில், 37 வயதில், தம்மைவிட நெடிதுயர்ந்த ஜெஸ் வில்லர்டிடம் 26ஆம் சுற்றில் வீழ்ந்தார். வேண்டுமென்றே தோற்றேன் என்று பின்னர் கூறினார். தோற்க விரும்பியவன் 25 சுற்றுகள் வெயிலில் காய வேண்டியதில்லை. 1920இல் சரணடைந்து சிறைத்தண்டனையை அனுபவித்தார். 1946இல், வட கரோலினாவில் ஓர் உணவகத்தில் நிறத்தால் அவமதிக்கப்பட்டுச் சினத்தோடு காரைச் செலுத்திச்சென்று விபத்தில் இறந்தார். அரசின் மன்னிப்பு 2018இல்தான் வந்தது. அவர் புனிதரும் அல்லர். 1912இல் தற்கொலை செய்துகொண்ட மனைவி எட்டாவை அவர் அடித்ததுண்டு.

இவை அனைத்தையும் எடைபோட்டபின் நம் முடிவைச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 12 ஆண்டுகளில் 25 முறை பட்டத்தைக் காத்த லூயிஸுக்கும், தம் காலத்தின் வலியவர் எவரையும் தவிர்க்காத அலிக்கும் மேலே ஜான்சனை வைக்க இயலாது. ஆனால் முதல் பத்துப் பேரில் அவருக்கு உறுதியாக இடமுண்டு. அந்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தருவது சிட்னியோ ரீனோவோ அன்று. பட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில், பெரிய செய்தித்தாள்கள் அதிகம் கண்டுகொள்ளாத மேடைகளில், மெக்வேயையும் ஜெனட்டையும் லாங்ஃபோர்டையும் எதிர்த்து அவர் பெற்ற வெற்றிகளே அதற்குச் சான்று. அவர்கள் எவ்வளவு உயர்ந்தவர்களோ அவ்வளவே ஜான்சனும் உயர்கிறார். தாம் மேடை மறுத்தவர்களின் தோளில்தான் அவருடைய பெருமை நிற்கிறது.

வில்லர்டுக்குப் பின் வேலி மீண்டும் எழுந்தது. 1937இல் லூயிஸ் வரும்வரை 22 ஆண்டுகள் ஒரு கறுப்பினத்தவருக்கும் அப்பட்டத்துக்கான வாய்ப்புக் கிட்டவில்லை. லாங்ஃபோர்டுக்கு ஒருபோதும் கிட்டவில்லை. 1944இல் ஒரு செய்தியாளர் அவரை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தேடிக் கண்டபோது, பார்வையிழந்து, வறுமையில், ஓர் அறையில் தனித்திருந்தார். ஜான்சனின் பெயரை எழுதும் ஒவ்வொரு பட்டியலிலும் அந்த அறைக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்.