மலையேறிய சுமையும் இறங்காத குப்பையும்

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்தது என்றே அங்கு வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது மனிதர் கட்டிய ஏரி. ஓடைகள் வந்து சேர்ந்து சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் 1863-இல் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்க வைத்தவர், மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச். சொந்தப் பணத்தையும் அதில் போட்டார். சுற்றியிருந்த மடிப்புகளுக்குள்ளெல்லாம் தண்ணீர் ஏறி நின்றதால்தான் ஏரிக்கு அந்த நட்சத்திர வடிவம். பரப்பு சுமார் 60 ஏக்கர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். கடலோரத்துப் படகை ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏற்றியவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அந்தத் தோள்களை நினைக்காமல் என்னால் அந்த ஏரியைப் பார்க்க முடிவதில்லை.

நான் பெரியகுளத்துக்காரன். பழைய மலைப்பாதை எங்கள் பக்கத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்துதான் ஏறியது. 1845-இல் காய்ச்சலுக்குப் பயந்து, மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் மலையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களும், பின்னால் வந்த துரைமார்களும், நடந்தோ குதிரையிலோ ஆட்கள் சுமந்த நாற்காலியிலோதான் மேலே போனார்கள். 1875-இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியில் அடிவாரம், அதற்கு மேல் ஆள்சுமை. அரிசி, பாத்திரம், மேசை, நாற்காலி எல்லாமே ஒருவர் தலையில் ஏறித்தான் மேலே போக வேண்டும். ஒவ்வொரு சுமைக்கும் கூலி உண்டு. அப்படி வந்த பொருளை யாரும் சும்மா தூக்கி எறிய மாட்டார்கள். ஏழைகள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன இலையும் துணியும் மண்ணுக்கு உறுத்தாதவை.

1914-இல் மோட்டார் சாலை திறந்தது. கொடைக்கானலின் கதை அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிகிறது என்பேன். 1890-இல் தொடங்கிய படகுக் குழாம், 1932-இல் பொதுமக்களுக்கும் படகு விட்டது. அது நல்ல காரியம். துரைகளின் ஏரி எல்லாருக்கும் ஆனதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாலை வந்து சுமை ஏற்றுவது எளிதானபோது, கொண்டுபோனதைத் திரும்ப இறக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் நம்மிடம் வளரவில்லை.

ஏரிச் சாலையில் சைக்கிள்கள் வாடகைக்கு நிற்கும் இடத்தைக் கடந்து, கம்பி வேலியோரம் குனிந்து பாருங்கள். வேக வைத்த சோளத்தின் சக்கை, பாதித் தண்ணீரோடு மிதக்கும் பாட்டில், உள்பக்கத்து வெள்ளி மின்னும் சிப்ஸ் உறை, ஐஸ்கிரீம் கப்பின் மூடி. சோளச் சக்கை நாளடைவில் மட்கிவிடும். மற்றவை கரையோரப் பாசியில் சிக்கி, வெயிலில் நொறுங்கி, மீன் விழுங்கும் அளவுக்குச் சிறுத்துத் தண்ணீரிலேயே கிடக்கும். வலைக்கோலால் துப்புரவுப் பணியாளர்கள் அள்ளுவது மேலே மிதப்பதை மட்டும்தான்.

குப்பை ஏரியோடும் நிற்பதில்லை. மழைக்காலத்தில் ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான் மலைச்சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், மேலே தாங்கள் விட்டுவந்தது பின்னாலேயே வருவதை அறிவதில்லை. சமவெளியில் இருக்கிற எங்களுக்கு மலைதான் தண்ணீர்த் தொட்டி.

சட்டம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் வந்துவிட்டது. ஆனாலும் இ-பாஸ் வண்டியை எண்ணும். வண்டிக்குள் இருக்கிறவரின் கையை எண்ணாது.

ஆகவே மலையேறுகிறவர்களுக்கு எங்கள் அடிவாரத்து மக்களின் சார்பில் ஒரு வேண்டுகோள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள். வண்டியில் ஒரு சாக்குப்பை வையுங்கள். தின்றதன் உறையெல்லாம் அதில் விழட்டும். இறங்கி வரும்போது அந்தப் பையும் உங்களோடு இறங்கட்டும். ஆள்சுமைக் காலம் போய்விட்டது. இதற்கு யாருக்கும் கூலி தர வேண்டியதில்லை.